உதைக்கு முன்பே விழுந்த வாக்கு

1968, டான் ஃபாக்ஸ், வேக்ஃபீல்ட் டிரினிட்டி. லான்ஸ் டாட் கோப்பை பெற்றவர்களின் பட்டியலில் அந்த ஆண்டுக்கான வரி இவ்வளவுதான். இங்கிலாந்தின் ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் சிறந்து ஆடியவருக்கு 1946 முதல் தரப்படும் ஆட்டநாயகன் விருது அது.

அதே டான் ஃபாக்ஸின் பெயரைப் பழைய படச்சுருள்களில் தேடினால் வருவது வேறு கதை. வெள்ளக்காடான வெம்ப்ளி மைதானம். கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரம் என்று சொல்லும்படியான இடத்தில் நட்டு வைத்த பந்து. ஒருவர் ஓடி வந்து உதைக்கிறார். பந்து வலப்பக்கம் விலகிப் போகிறது. அவர் அப்படியே தரையில் சரிகிறார். ஆட்டம் முடிந்துவிடுகிறது; ஒரே ஒரு புள்ளியில் அவருடைய அணி தோற்கிறது. ரக்பி லீக் வரலாற்றிலேயே அதிகம் பேசப்பட்ட தவறிய உதை இதுதான்.

கோப்பையைக் கோட்டைவிட்டவரும் ஆட்டநாயகனும் ஒரே மனிதர், ஒரே நாளில், ஒரே ஆட்டத்தில். கால்பந்து வகை ஆட்டங்களின் இறுதிப் போட்டி விருதுகளைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. எங்கோ ஒரு பிழை இருக்க வேண்டும், அல்லது யாரோ இரக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், நமக்குச் சொல்லப்படாத ஒரு சங்கதி நடுவில் இருக்க வேண்டும்.

தேடலுக்குள் போகும் முன், நம் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத இந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது. 1895 ஆகஸ்டில் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில், ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து போயின. தகராறு கூலியைப் பற்றியது. சனிக்கிழமை சுரங்கத்துக்கோ ஆலைக்கோ போகாமல் ஆட வருகிற தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தரலாமா கூடாதா என்பதில் தெற்கத்திய கனவான்களும் வடக்கத்திய கிளப்புகளும் முட்டிக்கொண்டார்கள். பிரிந்தவர்களின் ஆட்டமே பின்னாளில் அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் ஆனது. அதை நடத்தும் அமைப்பின் முழுப்பெயர் ரக்பி ஃபுட்பால் லீக். பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் ‘டிரை’. 1968இல் அதற்கு 3 புள்ளி. டிரை எடுத்ததும் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பக் கிடைக்கும் வாய்ப்பு ‘கன்வர்ஷன்’. அதற்கு 2 புள்ளி. பெனால்டி உதைக்கும் 2. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

விருதுக்குப் பெயர் தந்த லான்ஸ் டாட் நியூசிலாந்துக்காரர். 1907–08இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்த சுற்றுப்பயண அணியில் ஆடியவர், பிறகு விகன் கிளப்பிலேயே தங்கிவிட்டார். அவர் பெயர் நின்றது ஆட்டக்காரராக இருந்ததால் அல்ல, சால்ஃபோர்ட் அணியின் மேலாளராக இருந்ததால். 1930களில் அந்த அணியை மூன்று முறை சாம்பியனாக்கினார், 1938இல் சேலஞ்ச் கோப்பையையும் வென்று தந்தார். 1934இல் பிரான்ஸ் போய் ஆடிய சால்ஃபோர்ட் வீரர்களுக்கு அங்கத்திய பத்திரிகைகள் சூட்டிய பெயர்தான் ‘சிவப்புச் சாத்தான்கள்’. பிபிசி வானொலியில் வர்ணனையும் செய்தார். 1942இல் சாலை விபத்தில் இறந்தார். போர் முடிந்து வெம்ப்ளியில் மீண்டும் இறுதிப் போட்டிகள் தொடங்கியபோது அவர் நினைவாக இந்த விருது வந்தது. ஆட்டத்தைப் பார்க்க வந்திருக்கும் ரக்பி லீக் பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். என் தேடலுக்கு முக்கியமான விவரம் இதுதான்: தீர்ப்பு சொல்கிறவர்கள் பத்திரிகைக்காரர்கள்.

முதல் சந்தேகத்தை எழுப்பியது பட்டியலே. 1968க்கு ஆறு வரிகள் மேலே, 1962இல், இன்னொரு ஃபாக்ஸ் இருக்கிறார்: நீல் ஃபாக்ஸ், அதே வேக்ஃபீல்ட் டிரினிட்டி. ஒரே குடும்பப் பெயர், ஒரே கிளப். பழைய பட்டியல்களைப் படி எடுக்கிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் வழுக்கி விழுவார்கள். தம்பியின் விருதை அண்ணன் கணக்கில் யாராவது எழுதிவிட்டார்களா?

மூன்று சகோதரர்கள் அவர்கள். பீட்டர், டான், நீல். மேற்கு யார்க்‌ஷயரில் ஷார்ல்ஸ்டன் என்ற சுரங்கக் கிராமத்துப் பிள்ளைகள். மூவரும் இந்த ஆட்டத்திலேயே வாழ்ந்தார்கள். மூத்தவர் பீட்டர் பின்னாளில் பெயர்பெற்ற பயிற்சியாளர் ஆனார். இளையவர் நீல் தம் காலம் முழுவதிலும் சேர்த்த 6,220 புள்ளிகளை ரக்பி லீக்கில் இன்றுவரை யாரும் எட்டவில்லை. 1962 இறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டை வேக்ஃபீல்ட் 12–6 என்று வென்றபோது, ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைக் கீழே விட்டு உதைக்கும் ‘டிராப் கோல்’ மூன்றை அடித்தவர் அவர். அந்த ஆண்டின் வரி சரியாகவே இருக்கிறது.

1968 இறுதியின் அணிப்பட்டியலை எடுத்துப் பார்த்தால் குழப்பத்துக்கே இடமில்லை. நீல் அதில் இல்லை, காயத்தால் ஆடவில்லை. அந்தக் காலி இடமே ஒரு துப்புதான். நீல் களத்தில் இருந்திருந்தால் அந்தக் கடைசி உதை அவருடையதாக இருந்திருக்கும். தம்பி இல்லாததால் கோல் உதைக்கும் பொறுப்பு அண்ணன் கைக்கு வந்தது.

அடுத்த சந்தேகம் இரக்கம். எளிதாகத் தோன்றும் விளக்கம் இது. அதனாலேயே எனக்கு இதன் மேல் ஐயம் அதிகம். எண்பத்தேழாயிரம் பேர் பார்த்திருக்க, நாடே தொலைக்காட்சியில் பார்த்திருக்க, ஒரு மனிதன் சேற்றில் விழுந்து கிடக்கிறான். பத்திரிகைக்காரர்களும் மனிதர்கள்தானே, ஆறுதலாக ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பத்திரிகையாளர்கள் தோற்றவர்களுக்கு விருது கொடுத்தது அதுவே முதல் முறையா? பட்டியலை மறுபடி, இம்முறை ஆட்ட முடிவுகளோடு பக்கத்தில் வைத்துப் படித்தேன். 1948இல் விகனிடம் 3–8 என்று தோற்ற பிராட்ஃபோர்ட் நார்தர்ன் அணியின் ஃபிராங்க் விட்கோமுக்குப் போயிருக்கிறது. 1965இல் விகன் 20–16 என்று ஹன்ஸ்லெட்டை வென்ற ஆட்டத்தில் வென்ற ரே ஆஷ்பிக்கும் தோற்ற பிரையன் கேபிடாஸுக்கும் பகிர்ந்து தந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட 1960 என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த ஆண்டு வேக்ஃபீல்ட் ஹல் அணியை 38–5 என்று துவைத்தெடுத்தது. நீல் ஃபாக்ஸ் மட்டும் 20 புள்ளிகள் எடுத்தார். விருதோ தோற்ற ஹல் அணியின் டாமி ஹாரிஸுக்கு! முப்பத்துமூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணியில் ஓர் ஆட்டக்காரரைப் பார்த்து, ‘இன்று மைதானத்தில் சிறந்தவர் இவர்தான்’ என்று சொல்லத் துணிந்தவர்கள் அவர்கள். புள்ளிப் பலகைக்குப் பணியாதவர்கள் கண்ணீருக்கு மட்டும் பணிவார்கள் என்று நம்புவது கடினம்.

இருந்தாலும் இது குணச்சான்று மட்டுமே. வழக்கை முடிக்க வேண்டுமானால் ஆட்டத்துக்குள் போக வேண்டும், நேரத்தைப் பார்க்க வேண்டும்.

1968 மே 11, சனிக்கிழமை. வெம்ப்ளியில் லீட்ஸும் வேக்ஃபீல்டும். பார்வையாளர்கள் 87,100. சாம்பியன்ஷிப் பட்டத்தை ஏற்கெனவே வென்றிருந்த வேக்ஃபீல்ட், கோப்பையையும் சேர்த்து இரட்டைப் பட்டம் பெறும் வாய்ப்போடு வந்திருந்தது. எதிரே நின்ற லீட்ஸின் பயிற்சியாளர் ராய் ஃபிரான்சிஸ். வேல்ஸ் நாட்டுக் கறுப்பினத்தவர், அந்தக் காலத்து பிரிட்டனில் அந்த நாற்காலியில் கறுப்பர் ஒருவர் உட்கார்ந்ததே அரிது. பெருமழை மைதானத்தை நனைத்துவிட்டிருந்தது. ஆட்டத்தின் நடுவிலும் கொட்டியது. ஓடியவர்கள் நினைத்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஒருவரைப் பிடித்துத் தள்ளினால் இருவரும் பல கஜம் வழுக்கிப் போனார்கள், பின்னால் நீர் சிதறியது. ‘வாட்டர்ஸ்பிளாஷ் ஃபைனல்’ என்று அந்த ஆட்டத்துக்குப் பெயரே நிலைத்துவிட்டது. இன்றைய விதிமுறைகளின்படி அந்த மைதானத்தில் ஆட்டத்தையே தொடங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

புள்ளிக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். லீட்ஸ் 11: ஒரு டிரை, நான்கு கோல். கோல்கள் நான்கும் பெவ் ரிஸ்மனுடையவை. அந்த ஒற்றை டிரை இன்றைக்கும் சர்ச்சைக்குரியது. ஜான் அட்கின்சன் பந்தைத் துரத்திப் போகும்போது தடுக்கப்பட்டார், தடுக்காவிட்டால் டிரை எடுத்திருப்பார் என்று முடிவுசெய்து நடுவர் ஜான் ஹெபிள்த்வைட் அதை வழங்கினார். வேக்ஃபீல்ட் 10: இரண்டு டிரை, இரண்டு கோல். டிரைகள் இரண்டும் கென் ஹர்ஸ்டுடையவை. கோல்கள் இரண்டும் டான் ஃபாக்ஸுடையவை.

இதை ஒரு நிமிடம் நின்று கவனிக்க வேண்டும். அந்த வெள்ளத்தில், பந்தை நட்டு வைக்கவே உறுதியான தரை இல்லாத இடத்தில், டான் ஃபாக்ஸ் அன்று இரண்டு முறை சரியாகவே உதைத்திருந்தார். தோற்றதாகச் சொல்லப்படும் கால்தான் வேக்ஃபீல்டை ஆட்டத்துக்குள் வைத்திருந்தது. அதோடு அவர் அன்று ஆடியது முன்கள வீரராக. ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸில் இளைஞராக அவர் பெயரெடுத்தது ஸ்க்ரம்-ஹாஃப் இடத்தில். ஆட்டத்தை மூளையால் நகர்த்துகிறவர்களின் இடம் அது. முப்பதைத் தாண்டியபின் அந்த மூளையைச் சேற்றில் முட்டி மோதும் முன்வரிசைக்குக் கொண்டுபோனார். புள்ளி எடுத்தவர்களின் பட்டியலில் இந்த உழைப்புக்குக் கட்டமே கிடையாது. பத்திரிகையாளர் மாடத்திலிருந்து முழு ஆட்டத்தையும் பார்க்கிறவர்களுக்குத்தான் அது தெரியும்.

கடைசி நிமிடங்கள். ரிஸ்மனின் பெனால்டியால் லீட்ஸ் 11–7 என்று முன்னே போய்விட்டது. மணி ஓடிவிட்டது. மறுதொடக்கத்துக்கான உதை வேக்ஃபீல்டுடையது. இங்கேதான் பலமுறை பார்த்த துண்டுப் படத்துக்கும் முழுப் பதிவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது. பிரபலமான துண்டுகள் பெரும்பாலும் கன்வர்ஷனுக்காகப் பந்து நட்டு வைக்கப்படும் இடத்தில் தொடங்குகின்றன. சிறிது பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் மறுதொடக்க உதை வரும். அதை உதைத்தவரும் டான் ஃபாக்ஸ்தான்.

எல்லாரும் எதிர்பார்த்தபடி உயரமாக அடிக்காமல் பந்தைத் தாழ்வாக விட்டார். நீரில் வழுக்கிக்கொண்டு போன பந்தை லீட்ஸ்காரர்களால் பிடிக்க முடியவில்லை. ஹர்ஸ்ட் அதைக் காலால் தட்டித் தட்டி முன்னே துரத்திக்கொண்டு போய்க் கம்பங்களுக்குக் கீழேயே விழுந்து அழுத்தினார். டிரை. 11–10. லீட்ஸ் ரசிகர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்ட நேரத்தில், தோற்றுப்போன ஓர் ஆட்டத்தை ஒரே உதையால் மீட்டுக் கொண்டுவந்திருந்தார் அவர். அந்த உதையை யாரும் தனியாக வெட்டி எடுத்து வைக்கவில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. கம்பங்களுக்கு நேர் எதிரே இருந்து கன்வர்ஷன். போனால் 12–11, கோப்பை, இரட்டைப் பட்டம். அந்தக் காலத்து வழக்கப்படி நேராக ஓடிவந்து காலணியின் நுனியால் உதைத்தார். பந்து வலப்பக்கம் ஒதுங்கியது. பிபிசியில் வர்ணனை செய்துகொண்டிருந்த எடி வேரிங், பையன் தவறவிட்டுவிட்டான் என்று பதறி, பாவம் என்று பரிதாபப்பட்டது இன்றும் அந்த நாட்டில் பலருக்கு மனப்பாடம். இறுதி விசில் ஒலித்துவிட்டது.

இனி வாக்கு. லான்ஸ் டாட் கோப்பைக்கான வாக்குகள் அந்தக் கன்வர்ஷனுக்கு முன்பே அளிக்கப்பட்டுவிட்டன. டான் ஃபாக்ஸ் பந்தை நட்டு வைக்கக் குனிந்தபோது அவர் ஏற்கெனவே ஆட்டநாயகன்.

ஏன் முன்பே? பத்திரிகை வேலை தெரிந்தவர்களுக்கு இதில் மர்மம் ஒன்றுமில்லை. விசில் ஊதிய சில நிமிடங்களில் பெயரை அறிவிக்க வேண்டும். வட இங்கிலாந்து நகரங்களில் சனிக்கிழமை மாலையே வெளியாகும் விளையாட்டுப் பதிப்புகளுக்கு ஆட்டம் நடக்கும்போதே தொலைபேசியில் செய்தி சொல்லிக்கொண்டிருப்பார்கள். கடைசி நிமிடம் வரை காத்திருந்து, பத்துப் பதினைந்து பேரிடம் கருத்துக் கேட்டு, எண்ணி, அறிவிப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே முடிவுக்குச் சற்று முன்பாக வாக்கு முடிந்துவிடும். பெரும்பாலான ஆண்டுகளில் இதனால் ஒரு குடியும் முழுகியதில்லை, ஏனென்றால் பெரும்பாலான ஆட்டங்கள் அதற்குள் முடிவாகிவிடும். 1968 முடிவாகவில்லை.

இரக்கம் என்ற விளக்கம் இங்கே விழுந்துவிடுகிறது. இரங்குவதற்கு அப்போது ஒன்றுமே நடந்திருக்கவில்லை. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். அந்த உதையால் கறைபடாமல் நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சியம் ஏறக்குறைய இந்த வாக்கு ஒன்றுதான். மறுநாள் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும், பின்னாளில் எழுதப்பட்ட ஒவ்வொரு நினைவுக் குறிப்பும், அந்த உதையைப் பார்த்துவிட்ட கண்களால் எழுதப்பட்டவை. முந்தைய எண்பது நிமிடங்களை அந்தக் கண்கள் வேறு வெளிச்சத்தில்தான் பார்க்கும். வாக்களித்தவர்களுக்கு மட்டும் அந்த உதை தெரியாது. பந்து உள்ளே போயிருந்தாலும் இதே விருது, இதே பெயர், பட்டியலில் இதே வரி. அப்போது இந்த வரியை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், நானும் உட்பட.

பட்டியலின் முதல் வரிக்குப் போனால் இதற்கு நேர் எதிரான ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதுவும் வேக்ஃபீல்டுடையதே. 1946, விருது தொடங்கிய ஆண்டு. வேக்ஃபீல்ட் 13, விகன் 12. இந்தக் கணக்கையும் பிரித்துப் பார்க்கலாம்: விகன் நான்கு டிரை எடுத்தது, ஒரு கோல்கூட உதைக்கவில்லை. வேக்ஃபீல்ட் எடுத்தது மூன்று டிரை, இரண்டு கோல். டிரை கணக்கில் தோற்ற அணி உதையால் வென்றது. வெற்றியைத் தந்த பெனால்டியை ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் உதைத்தவர் பில்லி ஸ்டாட். மூன்று டிரைகளில் இரண்டு அவருடையவை. முதல் லான்ஸ் டாட் கோப்பை அவருக்குப் போனது. 1968இல் கதை தலைகீழானது. டிரை கணக்கில் 2–1 என்று முந்தியிருந்த வேக்ஃபீல்ட் கோல் கணக்கில் 2–4 என்று தோற்றது. 1946இல் விகன் பக்கம் கோல் தவறவிட்டவர்கள் யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. நான்கு கன்வர்ஷன்களைத் தவறவிட்டுத் தோற்றால் மறந்துவிடுகிறார்கள், ஒன்றைத் தவறவிட்டால் ஆயுள் தண்டனை. தொலைக்காட்சி வந்துவிட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆட்டம் முடிந்த கையோடு தொலைக்காட்சிப் பேட்டிக்காக அவரை நிறுத்தினார்கள். லான்ஸ் டாட் கோப்பை கிடைத்திருக்கிறதே, அது ஆறுதலா என்ற பொருளில் கேள்வி வந்தது. அப்படி ஒன்றும் இல்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்ல முடியும்? அந்தக் கேள்வியே விருதை ஆறுதல் பரிசாக மாற்றிவிட்டது. இரக்கக் கதையின் விதை அங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன். வாக்கின் நேரத்தைச் சொல்லாமல் ‘ஆறுதலா’ என்று கேட்டால், ஆறுதலுக்காகத் தரப்பட்டது போலத்தான் பார்ப்பவர் காதில் விழும்.

ஃபெதர்ஸ்டோனில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய அவர் 1965இல் அங்கிருந்து வேக்ஃபீல்டுக்கு மாறினார். இரண்டே ஆண்டில், 1967இல், அவர் விட்டுவந்த ஃபெதர்ஸ்டோன் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு அவருக்கு இது நடந்தது. 2008இல் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகள் எல்லாவற்றிலும் அந்த உதை இருந்தது. விருது அதற்குக் கீழே ஒரு வாக்கியமாக வந்தது, பெரும்பாலும் ‘இருந்தபோதிலும்’ என்ற தொனியில். வரிசைப்படி பார்த்தால் விருதுதான் முதலில் நடந்தது.

1968 இறுதியில் வேக்ஃபீல்டின் அணித்தலைவராக இருந்தவர் ஹெரால்ட் பாயின்டன். 1963இல் இதே விருதை வென்றவர். அந்த ஆண்டுதான் வேக்ஃபீல்ட் கடைசியாகச் சேலஞ்ச் கோப்பையை வென்றது. 1968க்குப் பிறகு அந்த அணி மீண்டும் இறுதிக்கு வந்தது 1979இல். விட்னெஸிடம் 3–12 என்று தோற்றது. லான்ஸ் டாட் கோப்பை தோற்ற வேக்ஃபீல்டின் டேவிட் டாப்லிஸுக்குப் போனது. அந்த வாக்கு எந்த நிமிடத்தில் எடுக்கப்பட்டது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.